அமூர் ஆறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்யாவின் தூரக்கிழக்கையும் சீனாவின் வடகிழக்கையும் பிரித்து ஓடும் அமூர், உலகின் மிக நீண்ட எல்லை ஆறுகளில் ஒன்று. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அரசுகள் இதை ஒரு கோடாகவே பார்த்து வந்திருக்கின்றன. ஆற்றின் மீனும் பனிக்கட்டியும் வெள்ளமும் ஒருபோதும் அந்தக் கோட்டுக்குக் கட்டுப்பட்டதில்லை. கீழுள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த முரணைச் சுற்றியே அமைந்துள்ளன.

அமூர் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம்?

ஷில்கா, அர்குன் என்னும் இரண்டு ஆறுகள் கூடும் இடத்திலிருந்து அமூர் என்ற பெயர் தொடங்குகிறது. அங்கிருந்து கடல்வரை 2,824 கி.மீ. அர்குனையும் சேர்த்தால் ஏறத்தாழ 4,444 கி.மீ. என்று பல நூல்கள் தருகின்றன. மங்கோலியாவின் கெந்தி மலைகளில் பிறக்கும் கெர்லென் ஆறு, மழை மிகுந்த ஆண்டுகளில் மட்டும் ஹுலுன் ஏரி நிரம்பி வழிவதன் வழியாக அர்குனோடு இணைகிறது. அதையும் கணக்கில் எடுப்பவர்கள் 5,000 கி.மீ.க்கு மேல் சொல்வார்கள். நூலுக்கு நூல் நீளம் மாறுவதற்குக் காரணம் இதுதான். யாரும் தவறாக அளக்கவில்லை.

வடிநிலத்தின் பரப்பு சுமார் 18.5 லட்சம் சதுர கி.மீ. ஸேயா, புரேயா ஆகியவை ரஷ்யப் பக்கத்திலிருந்து வந்து சேரும் முக்கியத் துணையாறுகள். சுங்காரி சீனாவின் உள்நாட்டிலிருந்து வருகிறது. உசூரி எல்லையை ஒட்டியே வடக்கு நோக்கி ஓடி வந்து கலக்கிறது. கபரோவ்ஸ்க் நகரம் வரை, அதாவது சுமார் 1,860 கி.மீ. தூரத்துக்கு, அமூர் இரு நாட்டு எல்லை. அதற்குக் கீழே கடல்வரை முழுவதும் ரஷ்யாவுக்குள்தான் ஓடுகிறது. ஆகவே ஆற்றின் வாயைச் சீனா வைத்திருக்கவில்லை. வரலாற்றில் இந்த ஒரு செய்திக்கு மிகுந்த எடை உண்டு.

சைபீரியாவை ஒட்டிய ஆற்றில் ஏன் ஆகஸ்டு மாதத்தில் வெள்ளம் வருகிறது?

லேனா, யெனிசெய் போன்ற சைபீரிய ஆறுகளில் பனி உருகும் வசந்த காலத்தில்தான் பெருவெள்ளம். அமூரில் அப்படி இல்லை. இங்கே குளிர்காலம் வறண்டது, பனிப்பொழிவும் குறைவு. கோடையில் பசிபிக் பக்கத்திலிருந்து வரும் கிழக்காசியப் பருவமழைதான் ஆற்றை நிரப்புகிறது. எனவே ஜூலை முதல் செப்டம்பர் வரை வெள்ளக் காலம். பருவக்காற்றை நம்பி வாழும் நமக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது. நவம்பர் முதல் ஏப்ரல் இறுதிவரை ஆறு உறைந்து, அதன்மேல் லாரிகள் ஓடும் என்பதுதான் அந்நியம்.

ஆற்றின் பெயர்கள் யாவை?

ரஷ்யர்களுக்கு அமூர், சீனர்களுக்கு ஹெய்லோங்ஜியாங், மஞ்சுக்களுக்கு சகாலியான் ஊலா. ஹெய்லோங்ஜியாங் என்பதே ஆற்றின் தென்கரையில் உள்ள சீன மாகாணத்தின் பெயரும் ஆகும்.

ரஷ்யர்களும் சீனர்களும் வருவதற்கு முன் இங்கே யார் வாழ்ந்தார்கள்?

கழிமுகப் பகுதியில் நிவ்க்குகள், அதற்கு மேலே உல்ச்சிகளும் நானாய்களும், நடு அமூரில் தவூர்களும் ஏவெங்குகளும் வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். நானாய்களைச் சீனாவில் ஹெஜே என்று அழைக்கிறார்கள். ஒரே மக்கள், எல்லையின் இரு புறமும் இரண்டு பெயர்களில் பதிவு செய்யப்பட்டிருக்கிறார்கள். நிவ்க் மொழிக்கு வேறெந்த மொழியோடும் உறவு நிறுவப்படவில்லை. கபரோவ்ஸ்க்குக்குக் கீழே சிகாச்சி அல்யான் என்னும் சிற்றூரின் கரைப் பாறைகளில் முகமூடி போன்ற முகங்களும் மான்களும் செதுக்கப்பட்டுள்ளன. வெள்ளம் ஏறும்போது அவற்றில் பல நீருக்குள் போய்விடும்.

இவர்களின் வாழ்க்கை மீனைச் சார்ந்தது. உணவு மட்டுமல்ல, உடையும் மீன்தான். சால்மன், கெண்டை, பைக் ஆகிய மீன்களின் தோலைக் கிழியாமல் உரித்து, உட்புறச் சதையைச் சுரண்டி, விறைப்பாகக் காயவைக்கிறார்கள். காய்ந்த தோல் தகடுபோல் இருக்கும். அதைச் சுருட்டி, குழிந்த மரக்கட்டையில் வைத்து, மரச்சுத்தியால் பல மணி நேரம் அடித்துக்கொண்டே இருந்தால் துணிபோலத் துவளும். மெல்லிய மீன்தோலையே நூலாக வெட்டி, துண்டுகளை இணைத்துத் தைப்பார்கள். செதில் இருந்த குழிகளின் வரிசை ஆடையில் அப்படியே தெரியும். தண்ணீர் ஒட்டாத, காற்றைத் தடுக்கிற உடை அது. அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் வைக்கப்பட்டிருந்தாலும் இது அழிந்துபோன கலை அல்ல. இரு கரைகளிலும் இன்னும் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

சீன அரசுகள் ஆற்றின் கீழ்ப்பகுதி வரை வந்ததுண்டா?

உண்டு. மிங் வமிசத்துப் பேரரசர் யோங்லே காலத்தில் யிஷிஹா என்னும் அரண்மனை அதிகாரி கப்பல்களோடு கடலுக்கு அருகிலுள்ள தீர் குன்று வரை வந்து, அங்கே ஒரு புத்தர் கோயிலைக் கட்டி, 1413இல் கல்வெட்டு நட்டார். சீனம், மங்கோலியம், ஜுர்சென் ஆகிய மூன்று மொழிகளிலும் அது வெட்டப்பட்டிருந்தது. 1433இல் இரண்டாவது கல் நடப்பட்டது. இரண்டு கற்களும் இப்போது விளாதிவொஸ்தோக் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் உள்ளன. அந்த ஆட்சி நிலைத்த ஆட்சி அல்ல. வந்து பரிசு கொடுத்துத் திறை பெற்றுத் திரும்பும் வகையிலான செல்வாக்கு என்பதே பொருத்தமான மதிப்பீடு.

ரஷ்யர்கள் எப்போது வந்தார்கள்?

1643இல் வசீலி பொயார்கொவ் யாகுத்ஸ்க்கிலிருந்து படையுடன் புறப்பட்டு, ஸேயா வழியாக இறங்கி, 1644இல் கடலை அடைந்தார். ஸேயாக் கரையில் அவர்கள் கழித்த குளிர்காலத்தில் உணவு தீர்ந்து, இறந்தவர்களின் உடலைத் தின்றதாகப் பதிவுகளே சொல்கின்றன. பின்னர் 1650 முதல் 1653 வரை எரோஃபெய் கபரோவ் தவூர் ஊர்களைச் சூறையாடினார். கபரோவ்ஸ்க் என்ற பெரிய நகரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதைத் தவூர்களின் பக்கத்திலிருந்து படித்தால் வேறுவிதமாகத்தான் இருக்கும்.

ரஷ்ய எல்லைப்புறப் படைவீரர்களான கோசாக்குகளின் அல்பசின் கோட்டையைச் சீனாவை ஆண்ட சிங் வமிசத்துப் படைகள் 1685இல் கைப்பற்றி இடித்தன. கோசாக்குகள் திரும்பி வந்து அதை மீண்டும் கட்டினார்கள். 1686இல் மீண்டும் முற்றுகை. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் குண்டுக்கு அல்ல, வைட்டமின் சி பற்றாக்குறையால் வரும் ஸ்கர்வி நோய்க்கே மாண்டார்கள். 1689இல் நெர்சின்ஸ்க் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இரு தரப்புக்கும் பொதுமொழி இல்லாததால் ஜெர்பியோன், பெரேரா என்னும் இரண்டு இயேசு சபைத் துறவிகள் நடுநின்று பேசினார்கள். அதிகாரபூர்வ வாசகம் இலத்தீனில் எழுதப்பட்டது. அமூர்ப் பள்ளத்தாக்கு முழுவதும் சிங் அரசிடமே தங்கியது. அந்த எல்லை ஏறக்குறைய 170 ஆண்டுகள் நிலைத்தது.

பிறகு எப்படி அது எல்லை ஆறாக மாறியது?

இதற்குக் கழிமுகத்திலிருந்து தொடங்க வேண்டும். சகலின் ஒரு தீபகற்பம் என்றும், அமூரின் வாய் மணலால் அடைபட்டது, கப்பல் நுழைய முடியாதது என்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஐரோப்பியர்கள் நம்பினார்கள். லா பெரூஸ், புரோட்டன், குரூசென்ஷ்டெர்ன் ஆகிய கடலோடிகள் மூவரும் அப்படியே முடிவு செய்தனர். மாமியா ரின்ஸோ என்னும் ஜப்பானியர் 1809இலேயே சகலினிலிருந்து நீரிணையைக் கடந்து அமூர்க்கரைக்கு வந்திருந்தார். அந்தச் செய்தி அப்போது ஐரோப்பாவை எட்டவில்லை. 1849இல் ரஷ்யக் கடற்படை அதிகாரி கென்னாதி நெவெல்ஸ்கோய் பைகால் என்ற கப்பலில் வந்து, சகலின் தீவுதான், நடுவே கப்பல் போகும் ஆழம் உண்டு என்று நிறுவினார். அடுத்த ஆண்டு மேலிடத்து உத்தரவு இல்லாமலேயே கழிமுகத்தில் ரஷ்யக் கொடியை ஏற்றினார். பீட்டர்ஸ்பர்க் அதிகாரிகள் அவரைப் பதவி இறக்கம் செய்ய விரும்பினார்கள். ஏற்றிய ரஷ்யக் கொடியை இறக்கக்கூடாது என்று ஜார் நிக்கொலாய் சொல்லிக் காப்பாற்றினார் என்பது வழிவழியாகக் கூறப்படும் கதை.

கிழக்குச் சைபீரிய ஆளுநர் நிக்கொலாய் மூரவியோவ் 1854 முதல் படைகளையும் குடியேறிகளையும் தெப்பங்களிலும் படகுகளிலும் ஆற்றோடு இறக்கினார். அப்போது கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. பசிபிக் கரையைக் காப்பது நல்ல காரணமாக அமைந்தது. சிங் அரசோ தைப்பிங் கிளர்ச்சியிலும் இரண்டாம் அபினிப் போரிலும் சிக்கித் தவித்தது. 1858 மே மாதம் ஐகுன் என்னும் கரையோர ஊரில் கையெழுத்தான உடன்படிக்கையில் வடகரை ரஷ்யாவுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. 1860 பீக்கிங் உடன்படிக்கையில் உசூரிக்குக் கிழக்கே கடல்வரை உள்ள நிலமும் போயிற்று. இரு நாட்டுப் பாடநூல்களும் இந்த ஆண்டுகளை எழுதும் முறை இன்றும் ஒன்றல்ல. போரிடாமலேயே நாட்டுக்கு நிலம் சேர்த்தவர் என்று மூரவியோவை ஒரு பக்கம் போற்றும். சமமற்ற உடன்படிக்கை என்று மறுபக்கம் குறிக்கும். எதிர்த்தரப்பின் கை கட்டுண்டிருந்த வேளையில் வாங்கிய கையெழுத்து என்பதே உண்மை.

அமூர் ஆசியாவின் மிசிசிப்பி ஆகும் என்று ஏன் நம்பினார்கள், ஏன் ஆகவில்லை?

1856–57இல் பெரி மெக்டொனோ காலின்ஸ் என்னும் அமெரிக்கர் சைபீரியா வழியாக வந்து ஆற்றோடு இறங்கி, இது பெரும் வணிகப் பாதையாகும் என்று உற்சாகமாக எழுதினார். சில காலம் நீராவிப் படகுகள் பெருகின. கழிமுகத்தருகே உள்ள நிகோலாயெவ்ஸ்க் துறைமுகத்தில் அமெரிக்க, ஜெர்மன் வணிகர்கள் கடை திறந்தார்கள். ஆனால் ஆற்றின் வாய் தெற்கே நோக்காமல் குளிர்ந்த ஒகோத்ஸ்க் கடலை நோக்கித் திறக்கிறது, ஆண்டில் பாதி உறைந்து கிடக்கிறது, கழிமுகத்தில் மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. 1870களில் கடற்படைத் தளம் விளாதிவொஸ்தோக்குக்குச் சென்றதும் நிகோலாயெவ்ஸ்க் ஓய்ந்தது. 1920 உள்நாட்டுப் போரில் கெரில்லாப் படை ஒன்று அந்த நகரத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்று, ஊரையே எரித்துவிட்டுப் போயிற்று.

வணிகத்தை விட வேகமாக ஆட்களைக் கொண்டுவந்தது தங்கம்தான். 1883இல் சீனக் கரையில் ஜெல்துகா ஓடையருகே பல ஆயிரம் பேர் அனுமதியின்றிக் குவிந்து, தலைவரைத் தேர்ந்தெடுத்து, சட்டம் வகுத்து, குடியரசு என்றே பெயர் சூட்டிக்கொண்டார்கள். 1886இல் சிங் படை அதைக் கலைத்தது.

1900இல் பிளாகோவெஷென்ஸ்க்கில் என்ன நடந்தது?

சீனாவில் அந்நியரை எதிர்த்து எழுந்த பாக்ஸர் எழுச்சியின்போது, சீனக் கரையிலிருந்து வடகரையின் இந்த ரஷ்ய நகரத்தின் மீது சுடத் தொடங்கினார்கள். அதற்குப் பழியாக, நகரத்தில் குடியிருந்த சீனர்களை ரஷ்ய அதிகாரிகள் வளைத்துப் பிடித்து, மேலே ஓர் ஊருக்கு நடத்திச் சென்று, ஆற்றில் இறங்கி நீந்திப் போகும்படி விரட்டினார்கள். ஜூலை மாதம், ஆறு நிறைந்து ஓடும் காலம்; படகுகள் இல்லை. சில ஆயிரம் பேர் மூழ்கியும் சுடப்பட்டும் இறந்தார்கள். அதே நாட்களில், ஐகுன் உடன்படிக்கையின்படி வடகரையிலேயே சீன ஆட்சியின் கீழ் தொடர்ந்து வாழ அனுமதிக்கப்பட்டிருந்த அறுபத்து நான்கு கிராமங்களும் அழிக்கப்பட்டன. நகரத்துக்கு எதிரே உள்ள சீனக் கரையில் இந்த நினைவு அழுத்தமாகப் பேணப்படுகிறது; ரஷ்யக் கரையில் மிகக் குறைவாகவே பேசப்படுகிறது.

1969 மோதல் அமூரில் நடந்ததா?

இல்லை, துணையாறான உசூரியில். ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத தமன்ஸ்கி என்ற தீவுக்காக (சீனப் பெயர் ஜென்பாவ்) மார்ச் 2ஆம் தேதியும் 15ஆம் தேதியும் உறைந்த ஆற்றின் மீது சோவியத், சீனப் படைகள் மோதின. இரு தரப்பிலும் பலர் இறந்தனர். எல்லை, சீனக் கரையின் ஓரமாகப் போகிறதா, கப்பல் ஓடும் முதன்மைக் கால்வாயின் நடுவில் போகிறதா என்பதே வழக்கின் சாரம். நடுவில்தான் என்று 1991 உடன்படிக்கை ஒப்புக்கொண்டது. தமன்ஸ்கி சீனாவிடம் சென்றது. எஞ்சிய சிக்கல் கபரோவ்ஸ்க்குக்கு நேர் எதிரே உள்ள பல்ஷோய் உசூரிஸ்கி தீவு. 2004இல் உடன்பாடு காணப்பட்டு, 2008 அக்டோபரில் தீவின் ஏறத்தாழ பாதி சீனாவுக்கு ஒப்படைக்கப்பட்டது.

இரு கரைகளையும் இணைக்கும் பாலங்கள் எப்போது வந்தன?

மிகத் தாமதமாக. பிளாகோவெஷென்ஸ்க்கும் சீனாவின் ஹெய்ஹேயும் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான நீரின் இரு புறமும் எதிரெதிரே நிற்கும் நகரங்கள். இடையே சாலைப் பாலம் திறக்கப்பட்டது 2022 ஜூனில்தான். அதுவரை கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிக்கட்டிச் சாலை; உறையவும் செய்யாமல் ஓடவும் செய்யாமல் கட்டிகள் மிதந்து வரும் இடைப்பட்ட வாரங்களில் காற்றுமெத்தைக் கப்பல். 2022 நவம்பரில் துங்ஜியாங் அருகே ரயில் பாலம் இயங்கத் தொடங்கியது. ரஷ்ய அகலப் பாதைக்கும் சீனப் பாதைக்கும் அளவு வேறு என்பதால் இரண்டு அளவுத் தண்டவாளங்களும் அதில் பதிக்கப்பட்டுள்ளன.

எல்லையைக் கடக்காமல் ரஷ்யாவுக்குள்ளேயே, கபரோவ்ஸ்க்கில் 1916இல் கட்டி முடிக்கப்பட்ட ரயில் பாலம் பழமையானது. வார்சாவில் செய்து கடல் வழியாக அனுப்பிய இரும்புச் சட்டங்களில் கடைசி இரண்டை ஏற்றி வந்த கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் இந்தியப் பெருங்கடலில் மூழ்கடித்தது, அதனால்தான் பணி தாமதமாயிற்று என்று அந்தப் பாலத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் கூறுவார்கள். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த அதே எம்டன்தான்.

அமூரின் மீன்களில் எவை முக்கியமானவை?

நூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. முதலில் சொல்ல வேண்டியது கலூகா. ஸ்டர்ஜன் இனத்தைச் சேர்ந்த இந்த மீன் ஐந்து மீட்டர் நீளமும் ஒரு டன் எடையும் எட்டக்கூடியது. நன்னீரில் காணப்படும் மிகப்பெரிய மீன்களில் ஒன்று. முட்டையிடும் பருவத்தை எட்டப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதன் சினைதான் கேவியர். ஒரு பெரிய பெண் மீனைப் பிடித்தால் கிடைக்கும் பணமும், அடுத்த தலைமுறை வளர ஆகும் காலமும் ஒன்றோடொன்று பொருந்தவே மாட்டா. இன்று அது மிகவும் அருகிவிட்டது. விந்தை என்னவென்றால், உலகச் சந்தைக்குப் போகும் கலூகாக் கலப்பின கேவியரின் பெரும்பங்கு இப்போது அமூரிலிருந்து மிகத் தொலைவில், சீனாவின் சேஜியாங் மாகாணத்துப் பண்ணைகளில் விளைகிறது.

அடுத்தது சம் சால்மன். கடலில் சில ஆண்டுகள் வளர்ந்து, ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் கூட்டமாக ஆற்றில் ஏறும். ஏறத் தொடங்கியபின் இரை எடுக்காது. பிறந்த ஓடையைத் தேடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி, முட்டையிட்டுச் செத்துவிடும். கரைவாழ் மக்கள் அதைக் கீறிக் காற்றில் உலர்த்தும் கருவாட்டுக்கு யூகலா என்று பெயர். உப்புப் போடுவதில்லை என்பதால் நம் கருவாட்டின் சுவையை எதிர்பார்க்க முடியாது. கழிமுகத்தில் பெருவலைகள் கூடினால் மேலே உள்ள நானாய்க் கிராமங்களுக்கு மீன் எட்டாது. இந்தப் பூசல் நாடுகளுக்கு இடையிலானது அல்ல, ஒரே நாட்டுக்குள் கீழ் ஆற்றுக்கும் மேல் ஆற்றுக்கும் இடையிலானது.

புலியும் தாமரையும் ஒரே இடத்தில் உண்டு என்பது உண்மையா?

உண்மை. பனியுகத்தில் இப்பகுதி முழுவதும் பனிப்பாளத்தால் மூடப்படவில்லை. ஆகவே வடக்கின் உயிர்களும் தெற்கின் உயிர்களும் இங்கே கலந்து நிற்கின்றன. கபரோவ்ஸ்க்கைச் சுற்றியுள்ள ஏரிகளில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தாமரை பூக்கும். அதன் கிழங்கு உறைபனிக்கு அடியில் சேற்றில் பிழைத்துக் கிடக்கும். அமூர்ப் புலி பெரும்பாலும் உசூரிக்குக் கிழக்கே சிகோத்தே அலின் மலைக்காடுகளில் வாழ்கிறது. 1940களில் சில பத்துகளாகக் குறைந்திருந்தது. 1947இல் வேட்டை தடை செய்யப்பட்டது. 2015 கணக்கெடுப்பில் ரஷ்யாவில் 500க்கு மேல் இருந்தன. சதுப்புகளில் செந்தலைக் கொக்கும் கிழக்கத்திய நாரையும் கூடு கட்டுகின்றன.

ஆற்றுக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு என்ன?

அமூரைப் பற்றி அண்மைக் காலத்தில் தெரியவந்தவற்றில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுவே. சதுப்புநிலங்களின் தேங்கிய நீரில் ஆக்சிஜன் குறைவு. அங்கே இரும்பு கரைந்து, மக்கிய தாவரங்களின் அமிலங்களோடு பிணைந்து, ஆற்றோடு கடலுக்குப் போகிறது. கடலின் நுண்பாசிகளுக்கு இரும்பு அரிதான ஊட்டம். ஒகோத்ஸ்க் கடலின் மீன்வளத்துக்கும், அதிலிருந்து பசிபிக்குக்குப் போகும் நீரோட்டத்தின் செழிப்புக்கும் இந்த இரும்பு உதவுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். ஆற்றின் நன்னீர் கடலின் மேற்பரப்பில் உப்பைக் குறைப்பதும் அங்கே பனிக்கட்டி எளிதில் உருவாவதற்கு ஒரு காரணம். சுங்காரியும் உசூரியும் அமூரோடு சேரும் சான்ஜியாங் சமவெளியில் 1950களிலிருந்து அரசுப் பண்ணைகள் சதுப்பின் பெரும்பகுதியை வடித்து நெல்லும் சோயாவும் விதைத்துவிட்டன. வயல் வரப்பில் எடுத்த முடிவு ஜப்பானின் ஹொக்கைடோ தீவு மீனவரின் வலையைத் தொடக்கூடும்.

இந்தியாவோடு தொடர்பு உண்டா?

இரண்டு வழிகளில் உண்டு. அமூர்ப் பகுதியில் இனம் பெருக்கும் அமூர் வல்லூறு, அக்டோபர், நவம்பரில் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தை ஒட்டி லட்சக்கணக்கில் இறங்கி, ஈசல்களைத் தின்று கொழுத்து, பிறகு தீபகற்ப இந்தியாவுக்கு மேலாகப் பறந்து, அரபிக்கடலை நில்லாமல் கடந்து தென்னாப்பிரிக்கப் பகுதிகளுக்குச் செல்கிறது. அதன் எடை ஏறத்தாழ 150 கிராம். 2012இல் அங்கே வலையில் பெருந்தொகையாகக் கொல்லப்படுவது வெளிவந்தது. அடுத்த ஆண்டே பாங்தி முதலிய கிராமங்கள் தாமாக நிறுத்தின. இரண்டாவது, நம் பண்ணைக் குட்டைகளில் விடப்படும் புல்கெண்டை. அமூரும் சீன ஆறுகளும் அதன் தாயகம்; ரஷ்யர்கள் அந்த மீனையே வெள்ளை அமூர் என்கிறார்கள்.

2005 மாசு, 2013 வெள்ளம் பற்றிச் சொல்ல முடியுமா?

2005 நவம்பர் 13 அன்று சீனாவின் ஜிலின் நகரத்து இரசாயன ஆலையில் வெடிப்பு நேர்ந்து, சுமார் 100 டன் பென்சீன் வகைப் பொருட்கள் சுங்காரியில் கலந்தன. ஹார்பின் நகரம் நான்கு நாட்கள் குழாய்நீரை நிறுத்தியது. மாசுப் பட்டை பனிக்கட்டிக்கு அடியில் மெல்ல நகர்ந்து டிசம்பரில் கபரோவ்ஸ்க்கை எட்டியது. இரு நாடுகளும் சேர்ந்து நீரைச் சோதிக்கும் ஏற்பாடு அதன்பிறகே உறுதிபெற்றது.

2013இல் பருவமழை இரு கரைகளிலும் ஒரே நேரத்தில் கொட்டியது. கபரோவ்ஸ்க்கில் நீர்மட்டம் 808 செ.மீ.க்கு ஏறியது, அதற்கு முந்தைய உச்சம் 1897இல் பதிவான 642 செ.மீ.

ஆற்றின் குறுக்கே அணைகள் உண்டா?

துணையாறுகளில் உண்டு: 1970களிலிருந்து இயங்கும் ஸேயா அணை, 2003இல் முதல் மின்னாக்கியை இயக்கிய புரேயா அணை. 2013 வெள்ளத்தின் ஒரு பகுதியை இவை தாங்கிக்கொண்டன. ஆயினும் இவற்றால் கீழே உள்ள சதுப்புகளுக்கு வழக்கமான கோடை வெள்ளம் குறைந்து, நாரைகளின் மேய்ச்சல் நிலம் வறண்டதும் உண்மை. மைய ஓட்டத்தில் கூட்டாக அணைகள் கட்டும் திட்டத்தை 1950களில் சோவியத்–சீன வல்லுநர்கள் ஆராய்ந்தார்கள். இரு அரசுகளின் உறவு முறிந்ததால் அது நின்றது. பின்னர் பேச்சு மீண்டபோதும் கட்டப்படவில்லை. மீன் ஏறும் பாதை இன்றுவரை அடைபடாமல் இருப்பதற்கு, பாதுகாப்பு ஆர்வலர்களை விட அந்தப் பகைக்கே அதிகம் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.